குழாயடியில் ஒரு விஷக்காரன்

பத்து காஜாவில் மழை விட்ட இரவில் குழாயடிக்குப் போனால், விளக்கு வெளிச்சத்தில் ஈசல் பொறுக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். நாம் சொறித்தவளை என்கிறோம். மலாய்க்காரர்கள் காத்தாக் புரு என்கிறார்கள். புரு என்றாலும் சொறிபுண்தான்.

எங்கள் லயத்து நாய் ஒருமுறை அதைக் கவ்விவிட்டு, அடுத்த நொடியே துப்பியது. வாயெல்லாம் நுரை. தவளையோ உடம்பை ஊதி, காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி நின்றது. பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் அவரைக்கொட்டை போலப் புடைத்த இரண்டு சுரப்பிகளை எதிரிக்கு நேரே நீட்டுகிறது. கடிபட்டால் அதிலிருந்து வெள்ளைப் பால் கசியும், பால்மரத்தில் கத்தி பட்டதுபோல.

அந்தப் பாலில் பூஃபாடியெனோலைடு என்ற நச்சு இருக்கிறது. நம் செல்கள் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்க ஒரு பம்பை ஓயாமல் ஓட்டுகின்றன. நச்சு அந்தப் பம்பை அடைக்கிறது. இதயம் தாளம் தப்புகிறது. அரளி விதையும் இதையேதான் செய்கிறது. ஈப்போ நகருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரத்தின் பாலும் அப்படித்தான். பூர்வக்குடிகள் ஊதுகுழல் அம்பில் தடவியது அந்தப் பாலைத்தான். இரண்டு செடியும் ஒரு தவளையும் தனித்தனியே ஒரே பூட்டுக்குச் சாவி அடித்திருக்கின்றன!

வேகவைத்தாலும் இந்த விஷம் போகாது. ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்தில் கறுப்பு மணி கோத்த கயிறுபோல மிதக்கும் அதன் முட்டைகளிலும் விஷம் உண்டு. தொட்டால் மரு வரும் என்பது மட்டும் வீண்பழி. மரு வருவது வைரஸால். ஆனாலும் தொட்ட கையால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

மலையேறினால் வேறு ஆள். காட்டு ஓடைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் பச்சை முதுகுக்காரன், ஓடோரானா ஹோசி. மற்ற தவளைகளோடு ஒரே பையில் போட்டால் கூட இருந்தவை செத்துப்போகும்.

புகழெல்லாம் கொலம்பியாவின் மஞ்சள் தவளைக்குத்தான். அங்குள்ள எம்பெரா மக்கள் அதன் முதுகில் அம்பைத் தேய்த்து வேட்டைக்குப் போனார்கள். 1978இல் அறிவியல் அதற்கு 'பயங்கரமானது' என்றே பெயர் வைத்தது. ஆனால் அதன் விஷம் கடன் சரக்கு. தின்னும் பூச்சிகளிலிருந்து சேர்ப்பது. கண்ணாடிப் பெட்டியில் பிறந்து வளர்ந்ததற்கு விஷமே இருக்காது. நம் சொறித்தவளையோ தன் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலைக் கொண்டு தானே காய்ச்சிக்கொள்கிறது.

எங்கள் நாய் பிழைத்துக்கொண்டது. அதன்பிறகு குழாயடியில் தவளை உட்கார்ந்திருந்தால், வேலியோரமாகச் சுற்றித்தான் போகும்.