கம்போள நிலவாரம்

ஒலி சென்ற வழி – 12

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில், கொத்துவால் தெருவின் பக்கமாக உள்ள ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில், கல்லாவுக்கு நேர் மேலே, லட்சுமி படத்துக்கும் நாள்காட்டிக்கும் நடுவில், இரண்டு முழ நீளமுள்ள ஒரு தேக்குப் பலகை சுவரில் அறையப்பட்டிருக்கிறது. அதன் மேல் இப்போது வீற்றிருப்பது உள்ளங்கையகல வை-ஃபை பெட்டி. பலகை அதற்காகச் செய்யப்பட்டதன்று என்பதை, அதன் நீளத்தையும், கனத்த பொருளொன்று பல வருஷங்கள் இருந்ததால் நடுவில் விழுந்திருக்கும் தொய்வையும், ஏரியல் கம்பி நுழைவதற்காகச் சுவரில் குடைந்து, பிறகு சுண்ணாம்பால் அடைத்த துவாரத்தையும் பார்ப்பவர் யாரும் கேளாமலே அறிந்துகொள்வர்.

"வால்வு ரேடியோ இருந்த எடம் சார். அப்பா வாங்கிப்போட்டது" என்றார் கடைக்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவராம். "கம்போள நிலவாரம் வாசிக்கையில கடையில ஒருத்தனும் வாயத் தொறக்கப்பிடாது. துவரம்பருப்பு கேட்டு வந்தவனும் அப்படியே நிப்பான்."

"அவ்வளவு அவசியமா அண்ணாச்சி, அது?"

"பின்னே? ரேடியோ சொன்ன வெலையத் தாண்டி ஒருத்தன் வித்தா, வாங்க வந்தவனே சண்டைக்கு நிப்பானே."

மலையாளத்தார் அங்காடியைக் கம்போளம் என்பர். நிலவாரமாவது அன்றைய விலை நிலை. கொப்பரை, தேங்காயெண்ணெய், மிளகு, சுக்கு, அடைக்காய் என்று ஒவ்வொரு பண்டமாக, ராகமும் பாவமுமின்றி, பஞ்சாங்கம் படிப்பதுபோல் வானொலியில் வாசிக்கப்பட்ட அந்த விலைப்பட்டியலைக் கேட்டு வளர்ந்த கேரளத்துப் பெரியவர்களுக்கு, இன்றும் அதன் ஏற்ற இறக்கமற்ற தொனியை அப்படியே பேசிக்காட்ட முடியும். சங்கீதக் கச்சேரிகளும் நாடகங்களும் செய்த சேவையைப் பலர் எழுதிவிட்டார்கள்; ஒரு கடைத்தெருவுக்கு வானொலி செய்த மிகப் பெரிய உபகாரம் இந்தச் சுவாரஸ்யமற்ற சில நிமிஷங்கள்தாம் என்பது என் அபிப்பிராயம். விலை என்பது விற்பவன் மட்டும் அறிந்த ரகசியமாக இல்லாமல், இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்த பொதுச் செய்தியாக இருந்தது.

சாலைக்கும் வானொலிக்கும் இருந்த உறவைச் சொல்ல, முதலில் சாலையைச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜாவின் திவானாக விளங்கி, ஆலப்புழைத் துறைமுகத்தையும் உண்டாக்கிய ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய அங்காடி அது. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம். பெருகிவரும் ஜனங்களுக்குத் தானியமும் துணியும் வேண்டியிருந்தன. நாஞ்சில் நாட்டு நெல்லும், பாண்டி நாட்டுப் பருப்பும் வற்றலும் வண்டி வண்டியாக வந்திறங்க, அவற்றோடு வந்த தமிழ் வியாபாரிகள் கிழக்கே கோட்டை வாசலிலிருந்து கிள்ளிப்பாலம் வரையில் கடை போட்டு, மலையாளம் கலந்த ஒரு தமிழையும், தமிழ் கலந்த ஒரு மலையாளத்தையும் உண்டாக்கி, அங்கேயே ஊன்றிவிட்டார்கள். கருப்பட்டிக்கடை முக்கு, சபாபதி கோவில் தெரு, ஆரியசாலை என்னும் பெயர்களிலேயே அந்தச் சரித்திரம் பாதி அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, அந்தத் தெருவிலேயே பல ஆண்டுகள் கடை நடத்திக்கொண்டு, அங்குள்ள சுமட்டுக்காரர்களையும் பொறுக்கிகளையும் கணக்கப்பிள்ளைகளையும் ‘கடைத்தெருக் கதைகள்’ ஆக்கிய ஆ. மாதவனிடம் இருக்கிறது. 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021இல் மறைந்த அந்த எழுத்தாளரைப் போல, வியாபாரம் செய்த இடத்தையே இலக்கியத்துக்கும் களமாகக் கொண்டவர் தமிழில் வேறொருவர் உடனே நினைவுக்கு வரவில்லை.

வானொலி இந்த ஊருக்கு வந்தது 1943 மார்ச் 12 அன்று. சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்த திருவிதாங்கூர் சமஸ்தான ஒலிபரப்பு நிலையம், சமஸ்தானம் மறைந்து 1950 ஏப்ரல் 1ஆம் தேதி அகில இந்திய வானொலியோடு இணைந்தது. பின்னர் வழுதக்காட்டில் ‘பக்தி விலாஸ்’ என்னும் மாளிகைக்கு நிலையம் குடியேறிற்று. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் வாசம் செய்த மாளிகை அது. திருவிதாங்கூர் தனிநாடாகவே நிற்கும் என்று 1947 ஜூனில் அறிவித்து, ஜூலை 25ஆம் தேதி சங்கீத சபையொன்றில் வெட்டுக்காயம் பட்டு, ஊரைவிட்டே போன ஒருவருடைய வீட்டிலிருந்து பிற்காலத்தில் டில்லிச் செய்தி ஒலித்தது என்பதை விதியின் விளையாட்டு என்பதா, கட்டடங்களுக்கே உரிய நகைச்சுவை என்பதா தெரியவில்லை.

திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் எல்லைக்கல் நட்டது மண்ணிலேதான். திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கும் வரையில், தென்கோடித் தமிழர்களுக்குத் திருச்சியை விடத் திருவனந்தபுரமே காதுக்கு அருகில் இருந்தது. பிற்காலத்தில் மலையாளத் திரையுலகின் பெருமைக்குரியவரான பத்மராஜன் இந்த வானொலியில் ஊழியம் பார்த்தவர், இசையமைப்பாளர் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் இங்கிருந்துதான் வீடுகளில் இருந்த குழந்தைகளுக்கு லலித சங்கீதம் கற்பித்தார். சாலையில் அரிசி மூட்டை இறக்குகிறவனும் அந்தப் பாட்டைக் கூடவே முணுமுணுத்தான் என்று அண்ணாச்சி சொல்கிறார், நான் நம்புகிறேன்.

சென்ற வாரம் சென்னையைப் பற்றி எழுதியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1924இல் உற்சாகமாகத் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927இல் மூடிக்கொள்ள, அந்தக் கருவியை வாங்கி 1930 ஏப்ரல் 1 முதல் எட்டு வருஷம், அகில இந்திய வானொலி வந்து பொறுப்பேற்கும் வரை, நகரசபையே ஒலிபரப்பு நடத்திற்று. ஒரு நகரம் தன் குரலுக்குத் தானே செலவு செய்த அந்த அபூர்வ காலத்துக்குப் பிறகு, செலவும் வருமானமும் நகரத்துக்கு வெளியே கணக்கெழுதப்படுகிற முறையே நிலைத்துவிட்டது. இதன் பலனைத்தான் திருவனந்தபுரம் அண்மையில் அனுபவித்தது.

2005ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, கேரளப் பிறவி நாளில், 101.9 அலைவரிசையில் ‘அனந்தபுரி எஃப்.எம்.’ தொடங்கியது. ஊரின் பழம்பெயரையே சூட்டிக்கொண்ட அந்த நிலையத்துக்கு நேயர்களுக்கும் குறைவில்லை, விளம்பரத்துக்கும் குறைவில்லை. 2008இல் தனியார் பண்பலைகள் வந்து போட்டியிட்ட பின்னும் அது தாக்குப்பிடித்தது. ஆனால் 2022இன் தொடக்கத்தில் அனந்தபுரி என்ற பெயரை எடுத்துவிட்டு, ‘விவித் பாரதி மலையாளம்’ என்று பொதுப்பெயரிட்டார்கள். 2023 ஜூலையில் அந்தத் தனி ஒலிபரப்பையே நிறுத்தி, முதன்மை நிலையத்தின் நிகழ்ச்சிகளை அந்த அலைவரிசையில் விட்டார்கள். நேயர்கள் மனுக்கொடுத்தார்கள், அரசியல்வாதிகள் கடிதமெழுதினார்கள். கேட்பாரில்லாமல் மூடிய நிலையம் ஒன்றுக்காக யாரும் அவ்வளவு சிரமப்படமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இவ்விடத்தில், வானொலி அழிந்ததால் கடைத்தெரு நலிந்தது என்று முடிச்சுப் போட்டுவிட ஆசையாகத்தான் இருக்கிறது. வாஸ்தவம் அவ்வளவு நேரானதன்று. ரேடியோ அழியவில்லை, இடம் மாறியது. கடைப்பலகையில் இருந்த பெட்டி டிரான்சிஸ்டராகிக் கைக்கு வந்து, அங்கிருந்து காருக்குள் ஏறிக்கொண்டது. காலையில் கழக்கூட்டத்துக்குப் போகும் பாதையில், நெரிசலில் ஊர்கிற ஒவ்வொரு காரிலும் ஒரு பண்பலைக் குரல் பேசிக்கொண்டிருக்கிறது. 1990இல் அங்கே டெக்னோபார்க் என்னும் மென்பொருள் பூங்கா அமைந்ததிலிருந்து நகரத்தின் புதுப்பணம் அந்தத் திசையில்தான் நகர்ந்தது. 2018இல் ஈஞ்சக்கல்லில் ஒரு பேரங்காடி, 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் என்று, புறவழிச்சாலையை ஒட்டியே புதிய கடைவீதிகள் எழுந்தன. காரிலிருந்து இறங்காமலே உள்ளே நுழைந்து, வண்டியை நிறுத்திவிட்டு மின்படியில் ஏறலாம். சாலைக்குள்ளோ, சுமட்டு வண்டியும் ஆட்டோவும் நடப்பவரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போகும் அந்தக் குறுகலில், கார் நுழைந்தால் மீள்வது தெய்வாதீனம். ஆகவே காரில் இருக்கும் காதைக் கூப்பிட்டால் பிரயோஜனம் யாருக்கு? கார் நிறுத்த இடமுள்ளவனுக்கு. நகைமாளிகையும், ஜவுளிக்கடலும், அடுக்குமாடி கட்டுகிறவரும் விளம்பரம் கொடுப்பதும், கருப்பட்டிக்கடையும் கயிற்றுக்கடையும் கொடாதிருப்பதும் பணபலத்தின் வித்தியாசம் மட்டுமன்று. ஒலிபரப்பின் எல்லை சாலையையும் உள்ளடக்கித்தான் இருக்கிறது. கேட்கிறவனுடைய கால்தான் அங்கே வருவதில்லை.

"ஒரு தடவ கேட்டுப் பாத்தேன் சார்" என்றார் அண்ணாச்சி. தனியார் நிலையம் ஒன்றின் பிரதிநிதியாக வந்த இளைஞர், பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு திட்டம் இருப்பதாகச் சொன்னாராம். "நான் கொல்லத்துக்காரனுக்கு எதுக்குடே சொல்லணும்? எனக்குக் கரமனையும் மணக்காடும் வந்தாப் போரும்னேன். சிரிச்சிக்கிட்டே போயிட்டான்."

விலக்காக வருஷத்தில் சில நாட்கள் உண்டு. ஆற்றுகால் பகவதி கோவில் பொங்காலை சமயத்தில் தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாக வரும் மண்பானைகள் கிழக்கே கோட்டைத் தெருவோரங்களில் மலைபோல் குவிந்து, இரண்டு மூன்று நாட்களில் கரைந்துபோகும். 1997இல் 15 லட்சம் பெண்கள், 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அந்தத் திருவிழாவன்று, நகரத்தில் கார் ஓடாது. ஜனங்கள் நடக்கிறார்கள், தெருவில் அடுப்பு மூட்டி உட்காருகிறார்கள், வானொலியில் நேர்முக வர்ணனை ஒலிக்கிறது, அடுப்பில் தீ வைக்கும் தருணத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று மட்டும் வானொலியும் சாலைக் கடைத்தெருவும் மறுபடி ஒரே ஜனத்தைச் சந்திக்கின்றன. சாலையில் பானை மட்டுமா விற்கிறது? அரிசி, வெல்லம், தேங்காய், கற்பூரம், அகப்பை, எல்லாம் விற்கிறது.

எனவே, நகர வானொலிக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்கிறவர், கேட்கும் கருவி நடக்கிறவன் கையில் இருக்குமா, ஓட்டுகிறவன் வண்டியில் மட்டும் இருக்குமா என்றும் கேட்டாக வேண்டும். நோர்வே தேசம் 2017இல் தேசியப் பண்பலையை நிறுத்தி எண்முறை ஒலிபரப்புக்குப் போனது. தேசிய நிலையங்களைக் கேட்கப் பழைய பெட்டிகள் ஒரே வருஷத்தில் உதவாமற்போயின. நம்மவர்கள் அந்த வழியில் அவசரப்படவில்லை. மாறாக, கைப்பேசியில் உள்ள பண்பலை வசதியை முடக்கிவைக்க வேண்டாமென்று தயாரிப்பாளர்களுக்கு மத்திய அரசு 2023இல் அறிவுறுத்திற்று. அறிவுரைக்கு எத்தனை நிறுவனங்கள் செவிசாய்க்கும் என்பது வேறு. யோசனை சரியான திசையில் செல்வது. இணையச் செலவின்றி, கையில் இருக்கிற சாதனத்திலேயே ஊர்க்குரல் கேட்குமானால், நடப்பவனின் காது மறுபடி கிடைக்கும்.

சமுதாய வானொலி என்று ஒன்றும் இருக்கிறது. 2006 முதல் லாபநோக்கற்ற ஸ்தாபனங்களுக்கும் அனுமதி திறந்துவிடப்பட்ட இந்தச் சிறு நிலையங்கள், பொதுவாக 100 வாட் ஆற்றலில், ஒரு நகரத்தின் நடுப்பகுதியை மூடுமளவுக்கு ஒலிக்கின்றன. வயநாட்டில் 2009 முதல் ‘மாற்றொலி’ குடியானவருக்கும் பழங்குடியினருக்கும் அவரவர் பேச்சிலேயே பேசிவருகிறது. 2024இல் திருத்திய விதிகளின்படி, மணிக்கு 7 நிமிஷமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிஷமாயிற்று. அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாயிற்று. எழுபத்துநான்கு ரூபாய்! கருப்பட்டிக்கடைக்கும் இது எட்டுகிற தொகைதான். ஆனால் வியாபாரிகள் சங்கம் தானே ஒரு நிலையம் நடத்த விரும்பினால், லாபநோக்கற்ற ஸ்தாபனமாகப் பதிவுபெற்று மூன்று வருஷம் பணி செய்திருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும். கடைக்காரனைத் தர்மஸ்தாபனமாக்கிக் காட்டச் சொல்லும் விதி இது. சாலையில் அதற்கும் ஆட்கள் கிடைப்பார்கள் என்றே நினைக்கிறேன். சென்னை நகரசபை 1930இல் செய்ததைத் திருவனந்தபுரம் மாநகராட்சி ஒருமுறை நினைத்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணமும் எழுகிறது. குப்பைக்கும் தெருவிளக்குக்குமே நிதி போதாத ஸ்தாபனத்தின் முன் அதை வைக்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

நான் எழுந்து விடைபெறும் நேரத்தில், நெடுமங்காட்டுக்காரர் ஒருவர் கொப்பரை விலை விசாரித்துக்கொண்டு படியேறினார். அண்ணாச்சியின் கைப்பேசியில் விலை சொல்லும் வாட்ஸ்அப் குழுக்கள் ஆறு இருக்கின்றன. காலையிலிருந்து ஆறும் ஆறு விலை சொல்லியிருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிர்க்கடையைப் பார்த்து, "என்னடே, கொப்பரை இன்னைக்கு?" என்று தெருவுக்குக் குறுக்கே சத்தம் போட்டார். எதிர்க்கடைக்காரர் தம் படியில் நின்ற வாடிக்கையாளரை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல், கையை வேஷ்டி மடிப்புக்குப் பக்கத்தில் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மூன்று விரலைக் காட்டினார். மடக்கி, மறுபடி இரண்டு விரலைக் காட்டினார்.

(தொடரும்)