பூசை உடுப்பும் தோள் துண்டும்

தோழர்களே, நாம் கூடியிருக்கும் கோட்டூர்புரத்துக்குப் பக்கத்தில்தான் சின்னமலைக் கோயில். அங்கே பூசையில் குருவானவர் அணியும் மேலுடுப்பு, பழைய ரோமாபுரியில் சாதாரண மக்கள் குளிருக்கும் மழைக்கும் போர்த்திய 'பேனுலா'விலிருந்து வந்தது. ஊரில் உடை மாறியது, கோயிலில் மாறவில்லை. அதனால் அது புனித உடையாயிற்று.

தமிழகத்தில் குருவின் உடை சாதி பார்த்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, பூணூலும் அணிந்தார். பிராமணக் கிறிஸ்தவர்கள் பூணூல் அணிய 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். சந்நியாசி உடையில் இருந்தவர் ஒடுக்கப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக முடியாது. ஆகவே 1640 முதல் அவர்களுக்கெனப் 'பண்டாரசாமி'கள் தனியே வந்தார்கள். நற்செய்தி ஒன்று, உடை இரண்டு.

1969இல் ரோம் இந்தியத் திருச்சபைக்கு 12 வழிபாட்டு மாற்றங்களை அனுமதித்தது. எளிய அங்கியும் அங்கவஸ்திரமும் அவற்றில் ஒன்று. இந்தியப் பண்பாடு என்றார்கள். யாருடைய பண்பாடு என்று நாம் கேட்கிறோம். ஆண்டைக்கு முன் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர்கள் நம் தாத்தாக்கள். அவர்களுக்குத் தோளில் துண்டு போடுவதே உரிமைப் போராட்டம். அந்த நினைவு இல்லாமல் பீடத்தில் ஏறும் அங்கவஸ்திரம் நமக்கு வெறும் துணியல்ல, பழைய பூணூலின் தொடர்ச்சி.