அம்மன் பட்டினி கிடப்பது யாருக்காக? சமயபுரத்தின் 28 நாள் விரதம்

பொதுவாக விரதம் என்றால் பக்தர் வயிற்றைக் காயப்போடுவார். சாமிக்குப் பொங்கலும் புளியோதரையும் படைப்பார். திருச்சி அருகே உள்ள சமயபுரத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். மாசி மாதக் கடைசி ஞாயிறு அன்று பூச்சொரிதல் தொடங்கும். அன்று முதல் 28 நாட்கள் மாரியம்மனே பட்டினி இருக்கிறாள். அதுவும் தனக்காக அல்ல, பக்தர்களுக்காக.

இதற்குப் பெயர் பச்சைப் பட்டினி விரதம். ‘பச்சை’ இங்கே நிறமல்ல. பச்சைத் தண்ணீர் என்கிறோமே, அந்தப் பச்சை, அடுப்பில் ஏறாதது. இந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் அவ்வளவுதான். ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் கலந்தால் துள்ளுமாவு. பக்தர்களில் பலரும் மஞ்சள் உடுத்தி அம்மனோடு சேர்ந்து விரதம் இருப்பார்கள்.

ஏன் இந்த விரதம்? மகிஷாசுரனை வதைத்த பிறகு அம்மன் மஞ்சள் ஆடை உடுத்தி இங்கே தவமிருந்தாள் என்று ஒரு கதை உண்டு. ஆனால் நடந்து வரும் பெண்களிடம் கேட்டால் புராணமெல்லாம் வராது. “எம் புள்ளைக்கு நோவு வரக் கூடாதுன்னு அவ சோறு திங்காம கெடக்குறா. நான் நடந்து வர்றதா பெருசு?” என்கிற ரீதியில்தான் பதில் இருக்கும். வரம் கேட்கும் பேச்சல்ல இது. ஒரு தாய் இன்னொரு தாயைப் பற்றிப் பேசுவது.

அம்மனின் அந்த உணவுப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். இளநீர், மோர், பானகம். வீட்டில் அம்மை போட்டவருக்கு என்ன கொடுப்போமோ கிட்டத்தட்ட அதேதான்! மாதமும் பங்குனி, வெயில் ஏறும் நேரம். நோயாளியின் பத்தியத்தைத் தெய்வமும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறுவயதில் எனக்கு அம்மை போட்டபோது வீட்டில் யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. “ஆத்தா வந்திருக்கா” என்றார்கள். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லை, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. உடம்பெல்லாம் அரிப்பு. ஆனாலும் பயம் இல்லை. யாரோ பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு. அது என்ன என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாமா?

போகலாம், போக வேண்டும். பலரும் தயங்குவது இங்கேதான். சின்னம்மை ஒரு வைரஸ் தொற்று. ஆரோக்கியமான குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், பெரியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரல் வரை பாதிக்கலாம். வைரஸ் மருந்து தேவைப்பட்டால், கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. “தலைக்குத் தண்ணி ஊத்தட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். தடுப்பூசியும் இருக்கிறது. நோயாளியைத் தனியாக வைக்கும் பழைய வழக்கத்தை மருத்துவமும் மறுக்கவில்லை. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்பதால் அது அவசியமும்கூட.

இதைவிடக் கொடிய பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனதும் மாரியம்மனுக்கு வேலை இல்லாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. குழந்தை பிறந்ததற்குக் கரும்புத் தொட்டில், கஷ்டம் தீர்ந்ததற்கு அக்னிச்சட்டி என்று கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

பங்குனிக் கடைசி ஞாயிறோடு அம்மனின் விரதம் முடியும். அடுத்து சித்திரை முதல் செவ்வாய், தேரோட்டம். அதற்கு முந்தைய இரவு திருச்சி சாலையில் மஞ்சள் சேலைகள் வரிசையாக நகரும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.