மேஜைக்கு மேஜை சுருட்டு!

முதுமையில் நினைவை அழிக்கும் நோய் ஒன்றை 1906-ல் விவரித்தார், ஜெர்மன் டாக்டர் அல்சைமர். 1910-ல் அந்த நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார், அவருடைய தலைமைப் பேராசிரியர் கிரேப்பலின்.

அல்சைமரும் இளைஞர்களை வளர்த்தார். மியூனிக் நகரில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் பல நாட்டு டாக்டர்கள் பயின்றார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து விளக்குவார். பேச்சு சுவாரசியத்தில் சுருட்டை மேஜையில் வைத்துவிட்டு, அடுத்தவரிடம் போய்விடுவார். மாலையில் மேஜைக்கு மேஜை சுருட்டுத் துண்டு கிடக்குமாம்!

அங்கே பயின்றவர்களில் ஒருவர் லெவி. நடுக்கவாத நோயாளிகளின் மூளையில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1912-ல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 27. அந்த உருண்டைகள் காணப்படும் மறதி நோய்க்கு இன்று அவர் பெயர்.

குருவின் பெயரும் நின்றது. சீடரின் பெயரும் நின்றது!