இராமநாதபுரத்து இளைஞரும் வேலையின்மையும்

இராமநாதபுரம் மாவட்டத்து இளைஞருக்கு வேலையில்லை என்றால், அவர்கள் வாளா இருக்கின்றனர் என்று நகரத்தார் சிலர் கருதுவர். உண்மை அஃதன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் நெல் விதைத்து, கண்மாய் நீரால் ஒருபோகம் விளைவிக்கும் நாடு அது. மழை பெய்யின் சில திங்களுக்கு வேலை உண்டு. அறுவடை முடிந்தபின் மிளகாய்ச் செய்யும் கரிமூட்டமும் ஒழியப் பிழைப்பு அரிது. ஆண்டு முழுதும் குடும்பத்தைத் தாங்கவல்ல வேலையே ஆங்கில்லாதது.

ஆதலின் படித்தவர் அரசாங்க உத்தியோகத்தையும், ஏனையோர் அயலூரையும் நாடுவர். 2018 இல் நடந்த நான்காம் தொகுதித் தேர்வில், 9,351 இடங்களுக்குத் தமிழகமெங்குமிருந்து 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஓரிடத்துக்கு இருநூற்றுவருக்கு மேல்! பட்டம் பெறவிருக்கும் நமக்கும் இஃது அயலார் கதையன்று. தேர்வெழுதியே முப்பது வயதை எட்டியவனுக்குப் பெண் கொடுப்பார் அரியர். திருப்பூரில் உழைக்கும் தம்பியின் பணத்தில் உண்பவன் சொல் வீட்டிலும் ஏறாது. வளைகுடா நாடு செல்வோரோ தாயின் நகையை அடகு வைத்துப் புறப்படுவர். தொடக்கத்து ஊதியம் அக்கடனுக்கே போதலும் உண்டு.

இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. கண்மாய்க் கரையையும் வரத்துக்கால்களையும் ஊரார் தாமே செப்பனிடும் வழக்கத்தைக் குடிமராமத்து என்பர். அதற்கு வாராதாரைத் தண்டிக்க 1858 இல் சென்னை மாகாணத்துக்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. அவ்வழக்கம் தளர்ந்ததற்குக் காரணம் பல. எனினும் இளைஞர் அகன்ற ஊரில் மண்வெட்டி பிடிப்பார் யார்? கால்கள் தூர்ந்தன, நீர் வாராமையின் நிலம் தரிசாயிற்று, விறகுக்கென்று முன்னர்ப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் அதனைக் கவர்ந்தது. வேரூன்றிய அம்மரத்தை அகழ்ந்தெறிதல் சிறு குடியானவனால் ஆவதன்று. விதைக்கும் நிலம் குறையவே கூலியும் குறைந்து, எஞ்சிய இளைஞரும் ஊரை விட்டுச் செல்கின்றனர். வேலையின்மையே வேலையின்மையை வளர்க்கின்றது.

2017 இல் அரசாங்கம் குடிமராமத்தைப் பொருளுதவியோடு புதுப்பித்தது. மண்ணை இயந்திரம் அள்ளிய இடங்களில் கண்மாய் ஆழ்ந்திருக்கலாம். ஊர் இளைஞன் கைக்குக் கூலி வந்திராது. நிலையான வேலைக்கு வேறு வழியும் நாடல் வேண்டும். அந்நாட்டுக் குண்டு மிளகாய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை மூட்டையாக விற்றுவிடாது, ஊரிலேயே தரம் பிரித்துப் பொடியாக்கிப் பொதிசெய்து அனுப்பின், கணக்கெழுதப் பட்டதாரியும் வேண்டும், காய் உலர்த்த அவன் தாயும் வேண்டும்.