சாதாரண தரத்துக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு என்ன வழி?

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டால் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுதான். "புள்ள பாஸா, பெயிலா?" பாஸ் என்றால் உயர்தரம். பெயில் என்றால், "சரி, கொழும்பில ஒரு கடையில சேர்த்து விடுவோம்." பொம்பளப் பிள்ளையாக இருந்தால் கார்மன்ட், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வீட்டில் வேலை. இந்த முடிவை எடுக்க நம் வீடுகளில் ஒரு கிழமைகூட ஆவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் அடுத்த முப்பது வருடமும் அதிலேயே தங்கியிருக்கிறது.

பரீட்சையில் சித்தியடையாத பிள்ளைக்கும் இந்த நாட்டில் படிப்பும் தொழிற்பயிற்சியும் உண்டு. அவை எவை, எப்படிச் சேருவது, வீட்டில் நாம் எதை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1998ஆம் ஆண்டு முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 16 ஆனது. ஆகவே 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அமர்த்துவது சட்டப்படி குற்றம். "வயசைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்று எந்தப் புரோக்கர் சொன்னாலும், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நாம் கடந்து வந்த வழி

1945இல் இலவசக் கல்வி வந்தபோது நமது தோட்டப் பாடசாலைகளுக்கு அதன் பலன் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980களிலும் 1990களிலும் சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியோடு வகுப்பறைகள் கட்டப்பட்டன, ஆசிரியர்கள் பயிற்றப்பட்டார்கள். கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளே ஆசிரியர் நியமனம் பெற்று, தாங்கள் படித்த மாதிரியான பாடசாலைகளுக்கே திரும்பி வந்தார்கள்.

பிள்ளைமடுவத்தையும் பாருங்கள். ஒரு காலத்தில் மலைக்குப் போகும் தாய்மார் குழந்தையை விட்டுப் போகும் வெறும் மடுவமாக இருந்தது. பிறகு அது சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாறி, பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் தொழிலாளர் குடும்பத்துப் பெண்பிள்ளைகள். குழந்தைகளுக்கும் பராமரிப்பு கிடைத்தது, படித்த பெண்பிள்ளைக்கும் உத்தியோகம் கிடைத்தது. பயிற்சியின் முடிவில் ஒரு தொழில் காத்திருந்தபடியால்தான் இந்தத் திட்டங்கள் பலன் தந்தன. எந்தப் பாடநெறியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னும், "இதை முடித்தால் என்ன வேலை?" என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

என்னென்ன வழிகள் உண்டு?

முதலாவது, பாடசாலையிலேயே தொடர்வது. 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் 12ஆம் தரத்துக்குப் போய்த் தொழிற்பாடங்களைப் படிக்கலாம். கிட்டிய பாடசாலை எது என்று அதிபரிடமோ வலயக் கல்விக் காரியாலயத்திலோ கேளுங்கள்.

இரண்டாவது, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள். மின்னிணைப்பு, நீர்க்குழாய் வேலை, தையல், வாகனம் திருத்துதல், கம்பியூட்டர், சமையல் போன்ற பாடநெறிகள் உண்டு. நிலையத்துக்கு நிலையம் பாடநெறி மாறும். பல பாடநெறிகளுக்குச் சாதாரண தரச் சித்தி தேவையில்லை.

மூன்றாவது, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. இங்கே பிள்ளை பெரும்பகுதி நேரம் ஒரு வேலைத்தளத்திலேயே நின்று பாஸ்மாரிடம் தொழில் பழகும். புத்தகத்தோடு மல்லுக்கட்ட முடியாத, ஆனால் கைவேலையில் கெட்டிக்காரனான பிள்ளைக்கு இது நல்ல வழி.

என்.வி.கியூ. என்றால் என்ன?

தேசிய தொழிற் தகைமை என்பதைத்தான் சுருக்கமாக என்.வி.கியூ. என்கிறார்கள். இது 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்ட ஏணி. 1 முதல் 4 வரை சான்றிதழ். 4ஆம் மட்டம் என்றால் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் கீழ்ப்படியில் கால் வைத்துப் படிப்படியாக மேலே போகலாம்.

இந்தச் சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. டவுனில் போர்ட் போட்டிருக்கும் தனியார் நிலையத்தில் காசு கட்டும் முன், அந்த ஆணைக்குழுவில் பதிவு உண்டா, கடைசியில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு

நம்மிடையே மேசன் வேலை, தச்சு வேலை, வயரிங் வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். பத்து வருடம் கொழும்பில் கட்டடம் கட்டியும் கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அதனால் என்றைக்கும் கையாள் சம்பளம். இவர்கள் மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று உண்டு. விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். தகுதி இருந்தால் அதற்குரிய மட்டத்தில் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும். இந்த வழி தெரியாமல் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கிறவர்கள் சொல்லிவிடுங்கள்.

எங்கே தடங்குகிறது?

முதல் தடங்கல் பத்திரம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர். சிங்களத்தில் எழுதும்போது தகப்பன் பெயர் மாறிப்போயிருக்கும். சிலருக்குப் பிறப்பே பதியப்பட்டிருக்காது. நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு இதைத் திருத்த ஓடினால் காலம் போதாது. பிள்ளை ஒன்பதாம் தரத்தில் இருக்கும்போதே சான்றிதழை எடுத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பிழை இருந்தால், அல்லது பதிவே இல்லாவிட்டால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். காலங்கடந்த பதிவுக்கும் வழி உண்டு. 15 வயது நிரம்பியதும் தேசிய அடையாள அட்டைக்கு அதிபர் மூலமாக விண்ணப்பியுங்கள். பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையாக இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ தோட்டத் துரையிடமோ கேளுங்கள்.

இரண்டாவது மொழி. எல்லா நிலையத்திலும் எல்லாப் பாடநெறியும் தமிழில் நடப்பதில்லை. சேரும் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாடசாலையில் நடக்கும் இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தை அலட்சியம் செய்யாமல் படிக்கச் சொல்லுங்கள். வேலைத்தளத்தில் அது பெரிய துணை.

மூன்றாவது காசு. அரசாங்க நிலையங்களில் பல பாடநெறிகள் இலவசம். சிலவற்றுக்குக் கொடுப்பனவும் உண்டு. ஆனாலும் பஸ் செலவு, சாப்பாடு, அந்த மாதங்களில் வீட்டுக்கு வராத சம்பளம் என்பவை உண்மையான பாரம். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தீபாவளி அட்வான்ஸில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் குடும்பங்கள் உண்டு. உயர்தரம், பல்கலைக்கழகம் என்று போகும் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக இயங்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் புலமைப்பரிசில் வழங்குகிறது. 1940களில் தொடங்கிய நிதியம் அது. அறிவித்தல் வரும் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் தனியா எப்படி அனுப்புறது?" என்று யோசிக்கிற பெற்றோரே, கொழும்பில் தெரியாத ஒரு வீட்டுக்கு அனுப்புவதைவிட டவுனில் உள்ள பயிற்சி நிலையம் கிட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தால் போக்குவரத்துப் பயமும் குறையும்.

இந்த உதவிகள் எதுவும் தானாக லயத்துக்கு வருவதில்லை. நாம்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அதிபரிடம், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம், பிரதேச செயலகத்தில் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். இந்தக் கிழமை சம்பள நாள் முடிந்து டவுனுக்குப் போகிறவர்கள் பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் ஏறி, என்ன பாடநெறி, எப்போது சேர்க்கிறார்கள், என்ன பத்திரம் வேண்டும் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பெரட்டுக்களத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.