பந்து போட்டால் கல்லூரியில் இடம்!

மே மாதம் பிறந்துவிட்டால் பெரியகுளத்துக்குத் தனிக் களை!

ஒரு பக்கம் மாம்பழம் வந்து குவியும். இன்னொரு பக்கம் கூடைப்பந்து வீரர்கள் வந்து இறங்குவார்கள்.

ஊரில் உள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அது. அமரர் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடப்பது. 60 தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், ராணுவம், கடற்படை என்று பெரிய பெரிய அணிகள் இந்தச் சிறிய ஊருக்கு வந்து ஆடியிருக்கின்றன.

விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும். ஆறடி, ஆறரை அடி ஆட்கள் ஓடுவார்கள், துள்ளுவார்கள், பந்தைக் கூடைக்குள் போடுவார்கள். சின்னப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்கும் பையனுக்கு ஒரு விஷயம் புரியும். ஆடுகிறவர்களில் ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ஒருவர் மின்வாரியத்தில் இருக்கிறார். இன்னொருவர் பட்டாளத்தில் இருக்கிறார். மாதம் பிறந்தால் சம்பளம்! அந்த வேலையைத் தேடிக் கொடுத்தது எது? பந்து!

"நாமும் அப்படி ஆகலாமா?"

ஆகலாம். ஆனால் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வங்கி அணிக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படிதான் கல்லூரி.

அந்தப் படியில் ஏறுவது எப்படி? ஏறியபின் வழுக்காமல் நிற்பது எப்படி? பிள்ளையைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

1891-ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். கடுங்குளிர். வெளியே போய் விளையாட முடியாது. அங்கே இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி மாணவர்கள் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் யோசித்தார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். பக்கத்துக்கு 9 பேராக மாணவர்களைப் பிரித்தார். "பந்தைக் கூடையில் போடுங்கள்" என்றார்.

பிறந்தது கூடைப்பந்து! அன்று கூடை தொங்கிய உயரம் 10 அடி. இன்றும் அதே 10 அடிதான்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். போன இடத்தில் எல்லாம் விளையாட்டையும் கொண்டு போனார்கள்.

ஆக, இந்த ஆட்டத்துக்கும் படிப்புக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல. பிறவியிலேயே வந்தது!

நாலே நாலு இடம்

ஒரு கல்லூரி ஏன் பந்து ஆடுகிற பிள்ளையைத் தேடுகிறது?

பல்கலைக்கழகப் போட்டியில் கோப்பை வாங்கினால் கல்லூரிக்குப் பெயர். பத்திரிகையில் படம். அடுத்த ஆண்டு பிள்ளைகள் தேடி வந்து சேருவார்கள். அதனால் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் பள்ளிக்கூடப் போட்டிகளைக் கவனிக்கிறார். நல்ல ஆட்டக்காரன் தென்பட்டால் விசாரிக்கிறார். "எந்த ஊர்? என்ன படிக்கிறாய்? அப்பா என்ன வேலை?"

அவர் முதலில் பார்ப்பது உயரம். ஓட்டத்தைப் பழக்கலாம், உயரத்தைப் பழக்க முடியாது அல்லவா? ஆனால் உயரம் மட்டும் போதாது. கால் சுறுசுறுப்பாக இருக்கிறதா? பந்து இல்லாத நேரத்தில் பையன் சும்மா நிற்கிறானா, இடம் பார்த்து ஓடுகிறானா? தோற்கும்போது முகத்தைத் தூக்குகிறானா? இதையெல்லாம் பார்ப்பார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு.

கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர்கள் 5 பேர். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்தால் அணிக்கு 12 பேர். பட்டப்படிப்பு 3 வருஷம். அப்படியானால் ஒரு வருஷத்தில் படிப்பு முடிந்து வெளியே போவது ஏறக்குறைய 4 பேர்.

அதாவது, ஒரு கல்லூரி அணியில் வருஷத்துக்குக் காலியாவது நாலே நாலு இடம்! அந்த நாலு இடத்துக்குச் சென்னைப் பையனும் வருவான். கோவைப் பையனும் வருவான். மதுரைப் பையனும் வருவான். தேனிப் பையன் அவர்களோடு போட்டி போட வேண்டும்.

கதவுகள் எத்தனை?

ஆனால் கதவு ஒன்றே ஒன்றல்ல.

முதல் கதவு, பள்ளிப் பருவத்திலேயே திறக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரப் போகும் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே.

இரண்டாவது கதவு, பொறியியல் படிப்பு. அரசு நடத்தும் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு என்று 500 இடங்களை ஒதுக்கி வந்திருக்கிறார்கள். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத்தான் இந்த 500. பிளஸ் 2 மதிப்பெண்ணோடு விளையாட்டுச் சான்றிதழ்களும் வேண்டும்.

மூன்றாவது கதவு, கலைக் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும். பிளஸ் 2 முடிந்த கையோடு பல கல்லூரிகள் மைதானத்தில் ஆட வைத்துப் பார்க்கும். பிடித்துப் போனால் சலுகை தரும். ஒரு கல்லூரி முழுக் கட்டணத்தையும் தள்ளும். ஒரு கல்லூரி பாதியைத் தள்ளும். ஒரு கல்லூரி இடம் மட்டும் தரும். கட்டணத்தைக் கட்டச் சொல்லும்.

இந்த மூன்றாவது கதவில்தான் கவனம் வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் அமெரிக்கக் கதை!

குப்பை அள்ளிய மாவீரர்

அமெரிக்காவில் இந்தியானா என்று ஒரு மாநிலம். அங்கே பிரெஞ்ச் லிக் என்று ஒரு சிற்றூர். அன்று மொத்த ஜனத்தொகையே 2 ஆயிரம் சொச்சம்தான். நம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குச் சமம்.

அந்த ஊரில் ஒரு ஏழைப் பையன். பெயர் லாரி பேர்ட். பள்ளிக்கூடத்தில் அவன் பந்து போட்டால் கூடை தப்பாது. அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான இந்தியானா பல்கலைக்கழகம் 1974-ல் அவனைச் சேர்த்துக்கொண்டது. ஊரிலிருந்து வெகு தூரமும் இல்லை. 100 கிலோமீட்டருக்கும் குறைவு.

பையனுக்கு அதிர்ஷ்டம்தான்! இல்லையா?

இல்லை! ஒரு மாதம்கூட அவன் அங்கே தங்கவில்லை. அங்கே மாணவர்கள் மட்டும் 30 ஆயிரம் பேருக்கு மேல். தெரிந்த முகம் இல்லை. கையில் காசு இல்லை. கூடப் படிப்பவர்களுக்குச் சமமாக உடுத்த நல்ல துணி இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டான்.

ஊரில் நகராட்சி வேலை கிடைத்தது. சாலையைச் செப்பனிட்டான். குப்பை வண்டியோடு போய்க் குப்பை அள்ளினான்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து பில் ஹாட்ஜஸ் என்ற உதவிப் பயிற்சியாளர் அவனைத் தேடி ஊருக்கே வந்தார். அது இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழகம். முதல் பல்கலைக்கழகத்தைவிடச் சிறியது. 1975-ல் அங்கே சேர்ந்தான். மனம் ஒட்டியது. ஆட்டம் பிடித்தது.

1978-லேயே பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற பெரிய தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பணம் காத்துக்கொண்டிருந்தது! ஆனால் அவர் ஓடவில்லை. இன்னும் ஒரு வருஷம் கல்லூரியிலேயே இருந்தார். 1979-ல் தம் கல்லூரியை அகில அமெரிக்க இறுதிப் போட்டி வரை கொண்டு போனார். அதில் தோற்றார். ஆனால் பட்டம் வாங்கினார். அதன் பிறகுதான் பாஸ்டனுக்குப் போனார். 1981, 1984, 1986 என்று 3 தடவை வெற்றி வாகை சூடினார்.

பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் நிற்க முடியவில்லை. மனம் ஒட்டிய கல்லூரியில் உலகப் புகழ் கிடைத்தது!

ஊரும் பட்டணமும்

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், நெல் வயல், திராட்சைத் தோட்டம், விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறும் ஜீப்பு. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. திடீரென்று சென்னை விடுதியில் கொண்டுபோய் விட்டால் முதல் மாதம் திணறத்தான் செய்யும். வகுப்பில் இங்கிலீஷில் பாடம். விடுதியில் வேறு ருசி. காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி.

அதற்காகச் சென்னைக்கே அனுப்பக் கூடாது என்று அர்த்தம் இல்லை. பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த பாதையில் ரயில் திரும்பி வந்து, 2023 ஜூனில் போடிக்கும் சென்னைக்கும் நேர் ரயிலும் விட்டுவிட்டார்கள். தூரம் முன்போல் பயமுறுத்துவது இல்லை.

மதுரை இன்னும் பக்கம். தேனியிலிருந்து 75 கிலோமீட்டர் சுமார். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து போகலாம். எந்தக் கல்லூரி பெரியது என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கல்லூரியில் பிள்ளை 3 வருஷம் நிலைத்து நிற்கும் என்று பாருங்கள்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"பந்து விளையாடினால் சோறு போடுமாடா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல்லூரி இடம் தருகிறேன் என்று சொல்லும்போது அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு.

"இந்தச் சலுகை எத்தனை வருஷத்துக்கு?"

அமெரிக்காவிலேயே இதில் பலர் ஏமாந்தார்கள். 1973 முதல் 2012 வரை அங்கே விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் ஒவ்வொரு வருஷமாகத்தான் தரப்பட்டது. பயிற்சியாளருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் நிறுத்திவிடலாம். அடிபட்டுப் படுத்தாலும் நிறுத்திவிடலாம். பல வருஷத்துக்குச் சேர்த்துத் தரலாம் என்று 2012-ல்தான் விதி மாறியது. 2025-ல் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணமே தரத் தொடங்கிவிட்டன. அதற்கு எத்தனை காலம் ஆயிற்று, பாருங்கள்!

கூடைப்பந்து துள்ளிக் குதிக்கும் ஆட்டம். முழங்கால் தசைநார் அறுந்து போவது அதில் அடிக்கடி நடப்பது. திரும்பக் களம் இறங்க ஏறக்குறைய ஒரு வருஷம்கூட ஆகும். அந்த ஒரு வருஷம் யார் கட்டணம் கட்டுவது?

ஆகவே, கல்லூரியில் சேர்க்கும் அன்றே கேளுங்கள்:

சலுகை 3 வருஷத்துக்குமா, முதல் வருஷத்துக்கு மட்டுமா?

விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் உண்டா?

அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாவிட்டால் படிப்பு தொடருமா?

போட்டிக்குப் போகும் நாளில் வருகைப் பதிவு தருவார்களா? அன்று பரீட்சை வந்தால் என்ன செய்வார்கள்?

அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டால், எப்போது திருப்பித் தருவார்கள்?

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அவர்கள் தருவது பிச்சை அல்ல. உங்கள் பிள்ளையின் உழைப்புக்கு விலை! பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுத்தால் வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளும் வரட்டும்

"பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று இன்னும் சில வீடுகளில் கேட்கிறார்கள்.

பதில் அனிதா பால்துரை! சென்னைப் பெண். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி. 18 வருஷம் நாட்டுக்காக ஆடியவர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங்கையும் சொல்லலாம். அமெரிக்கப் பயிற்சிக்கூடம் வரை போனார். 2015-ல் அமெரிக்காவின் டல்லாஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர்தான்.

ஆனால் லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் யோகம் அது. மற்றவர்களுக்கு? ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு வீரர்களை எடுக்கும் இடங்கள் உண்டு. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த வேலைகள் பலவற்றுக்கும் படிப்பும் வேண்டும், சான்றிதழும் வேண்டும்.

பெட்டியில் வையுங்கள்

கால் ஓடுவது 30, 35 வயது வரை. பட்டம் ஓடுவது ஆயுள் முழுவதும். பயிற்சிக்குப் போன பிள்ளை புத்தகத்தையும் தொட்டதா என்று தினம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி, மாநிலப் போட்டி என்று பிள்ளை கொண்டு வரும் ஒவ்வொரு சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள். பெயர் சரியா? பிறந்த தேதி சரியா? தேதி, கையெழுத்து, முத்திரை இருக்கிறதா? இல்லையென்றால் அன்றே திருத்தி வாங்கச் சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் கையெழுத்துப் போட்டவர் எங்கே இருப்பாரோ!

கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். சான்றிதழை வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.